ஒற்றைச் செருப்போடு வந்தவர்

மேஸ்திரி முதல் முறை என் அறைக்கு வந்தபோது வலது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. வாசலில் கழற்றப்போனவர் கீழே பார்த்து, "அட, இன்னொன்னு எங்க?" என்று சிரித்தார். நான் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் கதவுக்கு வெளியே கிடந்தது. அங்கிருந்து என் அறைக்கு இருபதடி இருக்கும். சில்லென்ற டைல்ஸ் தரையில் இருபதடி வெறுங்காலோடு நடந்தும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. இடுப்பில் நரம்பு நசுங்குகிறது, கால் செத்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறேன். புரியவில்லை என்று நான் சொன்னால் அது பொய்.

என் அட்டையில் யோகா தெரபிஸ்ட் என்று போட்டிருக்கும். துபாயில் வேலை பார்க்கும் நம்மவர்களின் அப்பா அம்மாக்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கையைத் தூக்கச் சொல்வதுதான் வேலை. பாதிப் பேர் டிவியைப் பார்த்துக்கொண்டே தூக்குவார்கள். மகன் ஆபீஸிலிருந்து போன் போட்டு, "அப்பா பண்றாரா?" என்பான். அவன் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்படி நாள் முழுக்கச் சுற்றிவிட்டு அல் குசைஸில் இருக்கும் என் அறைக்கு எரிச்சலோடு வருவேன். அந்த எரிச்சலுக்கு நடுவேதான் மேஸ்திரி வந்தார். பரமக்குடிப் பக்கம். பக்கத்து லேபர் கேம்பில் இருந்தார். ஐம்பத்து நாலு வயது, கட்டட வேலையில் இருபது வருஷத்துக்கு மேல்.

சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துத் தரையில் போட்டார். "கம்பெனி கிளினிக்ல இதத்தான் தம்பி செய்வாய்ங்க. அம்பது தாண்டுனவன் பூராப் பேருக்கும் செக்கிங். எடுன்னுவாரு டாக்டரு. எடுத்தா காண்ட்ராக்ட். எடுக்கலைன்னா கலாஸ், பொட்டியக் கட்டு."

"முதல்ல வலிய சரி பண்ணுவோம்ணே."

"வலி கிடக்கட்டும். பத்து வருஷமா கிடக்குது. அந்தாளு முன்னாடி குனிஞ்சு நிமிர மட்டும் சொல்லிக்குடுங்க. மக நர்ஸிங் படிக்குது, இன்னும் ரெண்டு வருஷம்."

ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்தக் கால் தாங்காது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவருக்கு வேலை போகும் என்பதால் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. சொன்னதைச் செய்கிற ஒருவர் கிடைத்தார் என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. நான் போகிற வீடுகளில் ஒரு மாமா மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளாததை மேஸ்திரி மூன்று நாளில் கற்றார். இடது காலைப் பின்னால் வை. வலது முட்டியை மடக்கு. ஒரு கையைத் தொடையில் ஊன்று. மூச்சை விட்டுக்கொண்டே இறங்கு, முகத்தை இறுக்காதே. பன்னிரண்டு நாள் இதேதான். என்னோடு தங்கியிருந்த கும்பகோணத்துக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மேஸ்திரி, அரங்கேற்றம் எப்போ?" என்பார். "உமக்கு ரெண்டாங் கல்யாணம் ஆகும்ல, அன்னைக்கு" என்று குனிந்தபடியே பதில் வரும்.

பாஸாகிவிட்டார். கேம்ப் வேன் நிறுத்துமிடத்தில், அத்தனை பேர் பார்க்க, பேனாவைப் போட்டு மூன்று முறை எடுத்துக் காட்டினார். "வெரி குட்னு சொன்னாரு தம்பி!" எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அதன்பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் சைட்டில் ஓட்டினார். ஒரு நாள் படி ஏறும்போது இடது பாதம் எழும்பவே இல்லை. இழுத்துக்கொண்டு கீழே வந்தார். ஊருக்குப் போனதும் மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். லேட்டாக வந்துவிட்டீர்கள், பாதம் இனி எழும்பாது என்றார்களாம். ஊரிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் எனக்குக் கூப்பிடுவார். "உங்க புண்ணியத்துல மக படிப்ப முடிச்சிருச்சு தம்பி" என்று ஆரம்பிப்பார். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருக்கும். என்னைத் திட்ட வேண்டிய ஆள் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

போன மாதம் அதே கேம்பிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். "மேஸ்திரி அனுப்புனாரு. அந்தப் பேனா எடுக்குறது..." என்றார். குதிகாலால் நடக்கச் சொன்னேன். மேஸ்திரியின் கால் மாதிரியே இடது பாதத்தின் முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. "இப்பவே ஆஸ்பத்திரி போங்க, நான் கூட வர்றேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? அவருக்குன்னா சொல்லித் தருவீங்க, எனக்குன்னா ஆஸ்பத்திரியா?" கதவை அறைந்துவிட்டுப் போனார். பின்னாலேயே ஓடினேன். லிஃப்ட் இறங்கிவிட்டது.

அந்தப் புதன்கிழமை மேஸ்திரி கேட்டார். "ஏன் தம்பி, நம்ம ஆளத் திருப்பி அனுப்பிட்டீங்களாமே?"

சொல்லிவிட்டேன். அவர் வந்த முதல் நாளே எனக்குத் தெரியும் என்பதை, அந்த இருபதடியை, எல்லாவற்றையும். போனில் அவருக்குப் பின்னால் கோழி கத்தியது.

"அப்ப தெரிஞ்சுதான் சொல்லிக்குடுத்தீங்களா?"

"ஆமாண்ணே."

"சரி. டூட்டிக்கு நேரமாகும், போங்க."

மூன்று புதன்கிழமைகள் போய்விட்டன, அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை, அது அவர் இஷ்டம். அந்த பிளம்பரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. கேம்ப் வாசலில் இரண்டு நாள் நின்று பார்த்தேன், வாட்ச்மேன் விரட்டிவிட்டான். அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று விசாரிக்க மேஸ்திரியை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.