பர்வீன் கவிழ்த்த பானை

மகளைப் பார்க்கக் கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்த இடத்தில், பக்கத்து வீட்டு ஈரான்காரி பர்வீன் தங்கள் புதுவருடத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். பொரித்த மீன் தயார். கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் போட்ட சோறு அடுப்பில் இருக்கிறது. அடிப்பிடிக்கும் மணம் வருகிறது. என் கையில் ஒருநாளும் சோறு அடிப்பிடித்ததில்லை, பார்த்துக்கொண்டு இருப்பேனா? எழும்பிப் போய் அடுப்பை அணைக்கப் பார்க்கிறேன். பர்வீன் ஓடிவந்து என் கையைப் பிடிக்கிறாள்.

"அம்மா, விடுங்கோ! அடிச்சோறு பொரிஞ்சு முழுசா வந்தால்தான் அவவுக்குப் பெருமை," என்கிறாள் மகள்.

"அடிப்பிடிச்ச சோத்துக்கும் பெருமையோ?"

பர்வீன் பானையைத் தட்டில் கவிழ்க்கிறாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பொன்னிறமாய், வட்டமாய், உடையாமல் விழுகிறது! நான்தான் பலமாகக் கைதட்டுகிறேன். முதல் துண்டை எனக்கே தருகிறாள். மொறுமொறுவென்று நொறுங்குகிறது.

"எப்பிடி அம்மா?"

"கதைக்காதை பிள்ளை. மற்றவை கை வைக்க முதல் இன்னொரு துண்டு உடைச்சுத் தா."