கர்த்தருக்கென்று தீட்டிய அரிசி

காலடியில் நெருப்புக் கங்கு கிடக்க, ஒரு மனுஷி நின்று ரசம் தாளிக்க முடியுமா? என் மனைவி தாளித்தாள்.

நான் அப்போது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊரில் சபைப் பள்ளிக்கு வாத்தியாரும் நான்தான், கோயிலில் பிரசங்கியும் நான்தான். அன்றைய பொருள், இந்த உடம்பு கடவுள் குடியிருக்கும் வீடு என்பது. வீட்டை எப்படிப் பேண வேண்டும் என்று மூன்றாவது பக்கத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது கருகல் வாடை வந்தது.

"என்ன தீயுது அங்கன?"

"ஒண்ணும் தீயலையே. கடுகு இப்பத்தான் வெடிக்குது."

எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பிலிருந்து தெறித்த கங்கின்மேல் அவள் வலது காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். தீய்ந்தது அவள் பாதம். நான் போட்ட கூச்சலுக்குத்தான் அவள் பயந்தாளே தவிர, நெருப்புக்குப் பயந்ததாகத் தெரியவில்லை.

"ரெண்டு மாசமாவே கால் மரத்துத்தான் கெடக்கு," என்றாள், கரண்டியைக் கீழே வைக்காமலே. "செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. 'ஜெபம் பண்ணு'ன்னு சொன்னீக."

சொல்லியிருப்பேன். யார் எதைச் சொன்னாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

உணர்ச்சியில்லாத பாதம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான். பெருவியாதி, அதாவது குஷ்டம். படித்தவன் என்ற பெயர் இருந்ததால் என்னிடம் ஒரு வைத்தியப் புத்தகமும் இருந்தது. அதைப் புரட்டியதில் பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம். தேமல் இருக்கிறதா என்று விளக்கைத் தூக்கி அவள் முதுகைப் பார்த்தேன். வேர்க்குருதான் இருந்தது. பயப்பட எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவளை எந்த ஊருக்குக் கொண்டுபோய் விடச் சொல்வார்கள், கூடவே நானும் போய்விடுவேனா, போகமாட்டேனா என்று யோசித்தேன். போவேன் என்று உடனே பதில் வரவில்லை. பிரசங்கியார் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட முதல் செய்தி அது.

உத்தமபாளையம் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து தேனிக்கு பஸ். வழியெல்லாம் அவள் காலைப் போர்வையால் மூடியபடி வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், "புள்ளத்தாச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். அவள் என் விலாவில் இடித்தாள்.

தேனி டாக்டர் வயசானவர், எங்கள் மதத்தவர் அல்லர். கோழி இறகால் அவள் பாதத்தை வருடினார். அவளுக்குத் தெரியவில்லை. கெண்டைக்காலை அமுக்கினார். வீல் என்றாள். குந்தி உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. மேசைக்காலைப் பிடித்து எழுந்தாள்.

"என்னம்மா சாப்பிடுறீக?"

அவளை முந்திக்கொண்டு நான் சொன்னேன். "மூணு வேளையும் அரிசிச் சோறுதாங்க. மில்லுல தீட்டின அரிசி. மல்லிகைப்பூ கணக்கா இருக்கும்."

"கழுவுவீகளாம்மா?"

"அஞ்சு தண்ணி."

"கஞ்சித் தண்ணி?"

"வடிச்சு மாட்டுக்கு ஊத்திருவேன்."

"மாடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"இருக்கும். உங்க சாப்பாட்ட அதுல்ல சாப்பிடுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, இது பெருவியாதி இல்ல. பெரிபெரின்னு பேரு. உங்க வீட்டம்மா பட்டினி கெடக்காக."

மூன்று வேளை சோறு போடுகிறவனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. தவிட்டோடு சத்தும் போய்விட்டது, இப்படியே விட்டால் நோய் இதயத்தில் ஏறும், ஏறினால் தன்னாலும் ஆகாது, எங்கள் சாமியும் யோசித்துத்தான் செய்யவேண்டியிருக்கும் என்றார். கைக்குத்தரிசி, கம்பு, கேழ்வரகு, பயறு, கீரை, வெல்லத்தோடு சலித்த தவிடு. இவ்வளவுதான் மருந்து.

"ஒரே பானைச் சோறு. உங்களுக்கு ஏன் ஒண்ணும் வரல?" என்று என் வயிற்றைப் பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் பதில் உறைத்தது. வாரத்தில் நாலு நாள் நான் வெளியூர் ஊழியத்தில் இருப்பேன். மேகமலை எஸ்டேட் கூலியாட்களின் லயன் வீடுகளிலும் சுற்றுப்பட்டுச் சேரிகளிலும் கம்மங்கூழும் முருங்கைக்கீரையும் அவித்த கொள்ளும் கொடுப்பார்கள். கர்த்தருக்காகச் சுமக்கிற சிலுவை என்று எண்ணி இரண்டு கலயம் குடிப்பேன். சிலுவை சுமந்தவன் கொழுத்தான். வீட்டில் இருந்துகொண்டு ஆசீர்வாதமென்று வெள்ளைச் சோற்றைச் சாப்பிட்டவள் கால் விளங்காமல் போனாள்.

அந்த ஆசீர்வாதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி தானியத்தைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயில் கூடைக்கு வரும். பிடியரிசிக் காணிக்கை என்பார்கள். வாத்தியார் வீட்டு உலைக்கு அதுதான். பதினோரு வருஷத்துக்கு முன் நான் வந்தபோது கூடையில் கம்பு, தினை, வரகு, சிவப்பரிசி எல்லாம் கலந்து கிடக்கும். கர்த்தருக்குப் பழுதில்லாததைக் கொடுக்க வேண்டாமா என்று நான் பிரசங்கித்தேன். கம்பு கொண்டுவந்த ஒருத்தியை, கோழித் தீனியை இங்கே கொட்டாதே என்று கலயத்தோடு திருப்பி அனுப்பினேன். கேட்டவர்கள் நல்ல ஜனங்கள். அறுப்புக் கூலியாகக் கிடைத்த நெல்லைத் தாங்கள் தொடாமல், புதிதாக வந்த மில்லில் இரண்டு தரம் தீட்டி, பாலைப் போல வெளுத்ததைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தங்களுக்குக் கம்பு. எங்களுக்கு வெள்ளை. ஏழைகள் வாயைக் கட்டிப் போட்ட காணிக்கை என் மனைவியைக் கொன்றுகொண்டிருந்தது. அப்படிப் போடச் சொன்னவன் நான்.

அடுத்த ஞாயிறு, எழுதிய குறிப்பை மடித்து வைத்துவிட்டு, "இனிமேல் கூடையில் கம்பு போடுங்கள்," என்றேன்.

சபை மூப்பர் எழுந்தார். நரைத்த மீசை, நாலு ஏக்கர் புஞ்சை. "அய்யா, சாமிக்குக் கம்பா? நாம திங்கிறதயா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நான் திருப்பி அனுப்பினவள்தான். "அன்னைக்குக் கோழித் தீனின்னீக. இப்பச் சாமிக்கு அலகு மொளச்சிருச்சாக்கும்?"

கோயிலே சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்று, என் மனைவி நெருப்புக் கங்கை மிதித்த கதையைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அந்த வார்த்தை அவ்வளவு சீக்கிரம் என் வாயில் வந்ததில் எனக்கே அதிர்ச்சி.

மூப்பர் அசையவில்லை. "சாமிக்கு வெள்ளைதான். அத மாத்த மாட்டோம். அம்மா காலுக்கு வேணுங்கிறத அம்மா அடுப்படிக்கிக் கொண்டாந்து தாரோம்."

அப்படியே செய்தார்கள். கோழித் தீனிக்காரிதான் முதலில் வந்தாள், ஒரு சுளகு கம்போடு. "ஏ ஆத்தா, இதக் குத்தக்கூட உங்க வீட்ல ஒரல் இல்லையா?" என்று என்னைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, தன் வீட்டு உரலில் தானே இடித்துக் கொண்டுவந்து கொடுத்துப் போனாள்.

கால் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. ஆடியில் விரல்கள் எரியத் தொடங்கின. உணர்ச்சி திரும்புகிறது, நல்ல குறி என்றார் டாக்டர். ஆவணியில் ஒருநாள் நான் வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது அவள் தரையில் உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, கம்மங்கூழைக் கையால் வழித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மருந்து குடிக்கிற முகம் அல்ல அது.

"கம்பு ஒனக்குப் பிடிக்குமா?"

"பொறந்ததுலருந்து எங்க வீட்ல அதுதான?"

"அப்ப இந்தப் பதினோரு வருஷமா அந்த வெள்ளச் சோறு?"

"தொண்டையில எறங்காதுதான்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"எப்பச் சொல்ல? சோத்த வட்டில்ல வச்சதும் கண்ண மூடிட்டு, இந்த வெள்ளச் சோத்துக்கு ஸ்தோத்திரம், மல்லிகைப்பூச் சோத்துக்கு ஸ்தோத்திரம்னு கால்மணி நேரம் ஜெபிப்பீக. அதுக்கப்புறம் எனக்கு வேணாம்னு எந்தப் பொம்பள வாயத் தொறப்பா?"

அவள் சுவரைப் பிடிக்காமல், என்னையும் பிடிக்காமல் எழுந்து, இன்னொரு கலயம் ஊற்றிக்கொள்ள அடுப்படிக்குப் போனாள்.