ரேடியோகிராமில் விட்ட நல்லெண்ணெய்

மாலை ஆறே காலுக்கு, மணிமுத்தாறுக்குத் தோழிகளுடன் போயிருந்த மகள் வரவேண்டிய பேருந்து எங்கள் தெருமுனையில் நின்றது. அவள் இறங்கவில்லை.

கணவர் தெருப்பக்க ஜன்னலுக்குப் போய் நின்றார். சும்மா இருக்க முடியாமல், நான் எங்கள் பழைய ரேடியோகிராமைத் திறந்தேன். ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உறுமும். இசைத்தட்டு வைக்கும் சுழல்தட்டு மட்டும் மாதக்கணக்காக அசையவில்லை. எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நடுத்தண்டின் அடியில் மண்ணெண்ணெயைச் சொட்டவிட்டு, தட்டை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தேன். வெகுநேரம் கழித்து அது கழன்று கையோடு வந்தது. தண்டைச் சுற்றிப் பழுப்பாக, வேப்பம்பிசின் போல ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பூஜை விளக்கின் வாசம்.

"இதுல நல்லெண்ணெயா விட்டிய?"

"சாமி விளக்குக்கே அதைத்தான் ஊத்துதோம், இதுக்கு ஆகாதோ?" என்றார் அவர், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிசினைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மாட்டினேன். பிளக்கைச் செருகியதும் தட்டு சுற்றியது. பாட்டுப் போட்டால் கதவுச் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று, சுற்றும் தட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. மகள் செருப்பெல்லாம் சேறாக வந்து நின்றாள்.

"மணிமுத்தாத்துலேருந்து வந்த பஸ் சேரன்மகாதேவியில பஞ்சராயிட்டும்மா, நம்ம தெருவுக்கு வார பஸ்ஸ விட்டுட்டேன்" என்றவள், ரேடியோகிராமைப் பார்த்தாள். "வெறுந்தட்டுல்லா சுத்துது! பாட்டுப் போடாம என்னத்தம்மா பாத்துக்கிட்டு இருக்க?"