கொரோவ்னா ஊரின் ஈஸ்ட்

யூதர் ஊரான கொரோவ்னாவில் மதகுருவான ரபிக்குச் சம்பளம் கிடையாது. வியாழன்தோறும் அவர் மனைவி பேஸியா மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் விற்பாள்; ஊர்ப் பெண்கள் ஓய்வுநாள் ரொட்டிக்கு வாங்கிப் போவார்கள். வேறு யார் விற்றாலும் சாபம் என்று பாட்டன் காலத்திலேயே ஜெபக்கூடத்தில் விதித்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாக ரபி நஃப்தலி ஹெர்ஷ் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த ஈஸ்டால்தான்.

கிஷினேவ் நகரக் கலவரத்தில் வெட்டுப்பட்ட யூதர்களைப் புதைத்துவிட்டுத் திரும்பியவர், ஜெபக்கூடத்து மேடையில் நின்று, "நம்மள மீட்க மெசியா வரட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தது போதும். வேதத்தைத் தூக்கிக்கிட்டே போயி இஸ்ரவேல் மண்ணுல ஏர் பிடிப்போம்" என்றார். அந்த மண்ணுக்கு ஆள் அனுப்பும் சியோன் சங்கத்துக்கு ஆளும் சேர்த்தார்.

மெசியா வருமுன் அங்கே போவது பாவமாயிற்றே, ரபி வாயிலேயே இந்தப் பேச்சா என்று ஊர் கொதித்தது. அடுத்த வியாழன் ஒருத்தியும் படியேறவில்லை. பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அவர் சொல்லவில்லை. பேஸியாவின் கல்யாணச் சால்வை உருளைக்கிழங்காக மாறியது.

ஏழாவது வியாழன் கதவு தட்டப்பட்டது. பேஸியா தராசைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான விதவை குரோன்யா, வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"எவ்வளவும்மா வேணும்?"

"வாங்க வரலம்மா. ரபிகிட்ட ஒரு கேள்வி. ஊர்க்காரங்க என்னை ஈஸ்ட் விக்கச் சொல்றாங்க. சாபம் எம்புள்ளைங்க தலையில விழுமா?"

"அடிப்பாவி! எங்க அடுப்பை அணைக்கலாமான்னு அவர்கிட்டயே கேக்க வந்தியா?"

"வேற யார்கிட்டம்மா கேப்பேன்? ஊருக்கு ஒரே ரபி."

'விழும்' என்றால் போதும், அவள் போய்விடுவாள். புளிக்காத மாவோடு ஊர் இன்னும் எத்தனை வாரம் தாங்கும்? நஃப்தலி ஹெர்ஷ் பழைய ஊர்ப் புத்தகத்தை எடுத்து விதியை மூன்று முறை படித்தார். 'ஈஸ்ட் விற்கும் உரிமை ஊரார் ஏற்றுக்கொண்ட ரபியின் வீட்டுக்கு' என்றிருந்த இடத்தில் விரல் நின்றது.

"விழும்னு சொல்லுங்களேன்" என்று பேஸியா முணுமுணுத்தாள்.

"ஊரு என்னை ஏத்துக்கிட்டிருக்கா, குரோன்யா?"

அவள் தலை குனிந்தாள்.

"அப்போ சாபமில்ல. நீ வித்துக்கோ."

"எழுதிக் குடுங்க, சாமி. ரபி எழுதினாத்தான் நம்புவாங்க."

எழுதினார். கையெழுத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'கொரோவ்னா ரபி' என்று போட்டால், ஊர் அவரை ஏற்கவில்லை என்ற தீர்ப்பே பொய். போடாவிட்டால் அது வெறும் காகிதம். தன் பெயரை மட்டும் எழுதினார்.

"எல்லாம் எழுதிட்டீங்களா?" என்றாள் படிக்கத் தெரியாத குரோன்யா.

"எழுதிட்டேன்மா."

பேஸியாவுக்குப் படிக்கத் தெரியும். எட்டிப் பார்த்தாள்; பெயரோடு 'ரபி' இல்லை.

"தராசையும் அவகிட்டயே குடுத்துரவா?" என்றாள்.