திரும்பி வந்த வளையல் பார்சல்

பார்சல் திரும்பி வந்த அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கல்லாவில் நைனா, சோற்றுத் தூக்கோடு வந்த அம்மா, ஏணிமேல் நின்று வளையல் அடுக்கிக்கொண்டிருந்த நான், மழைக்கோட்டோடு தபால்காரர். வேறு யாராவது இருந்தார்களா என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

இன்று காலை நாக்பூரிலிருந்து அக்கா மகள் ஒரு செல்போன் உறை அனுப்பியிருந்தாள். உள்ளங்கை அளவுப் பொருளுக்கு முழங்கை நீளப் பெட்டி, உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக். பெட்டியின் மூலை மழையில் ஊறியிருந்தது. அந்த ஈர வாசனை பட்டதும் வியாபாரத்தில் மனசு போகவில்லை.

அப்போதெல்லாம் எங்கள் வளையல் சரக்கு பம்பாயிலிருந்து துணியில் தைத்த கட்டாக வரும். துணிமேல் செஞ்சிக் கடை விலாசம் கறுப்பு மையில் பெரிதாக இருக்கும். எத்தனை வெளுத்தாலும் போகாது. அம்மா அதைப் பிரித்துத் துவைத்து, தலையணை உறை தைப்பாள், எண்ணெய் வடிகட்டுவாள். என் கால்சட்டைப் பைக்குக்கூட அந்தத் துணிதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தும்வரை கடை விலாசத்தை உள்ளே சுமந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். தொலைந்திருந்தால் யாராவது கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள்.

அக்கா தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு நாக்பூர் போன பிறகு, நைனா இரண்டு வருஷம் அவள் பேரைச் சொல்லவில்லை. ஏழாம் மாசம் என்று அவள் அம்மாவுக்கு எழுதிய கடிதம் கல்லாப் பெட்டிமேலேயே கிடந்தது. ஒரு மத்தியானம் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அவ கை அளவு ரெண்டு நாலு. இப்ப உப்பியிருக்கும். ரெண்டு ஆறு எடுடா. பச்சையில."

அவர் மனசு மாறுவதற்குள் அம்மா வேலையில் இறங்கினாள். சத்துமாவு டப்பாவில் வைக்கோல் பரப்பி, கிழிந்த புடவைத் துண்டுகளில் வளையல்களைச் சுற்றி அடுக்கினாள். காதருகே ஆட்டிப் பார்த்தோம், சத்தமே இல்லை. பம்பாய்த் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கோணி ஊசியால் தைத்து, அரக்கு வைத்தோம்.

விலாசம் எழுத, தண்ணீரில் அழியாத மை வாங்கச் சொல்லி நைனா தனியாக ஐந்து ரூபாய் கொடுத்தார். எனக்கோ வேறு கவலை. எடை கூடி, ஸ்டாம்புக்குக் காசு பத்தாமல் தபாலாபீசில் நின்றால்? மை வாங்கவில்லை. வீட்டு நீல மையில், நான்கு பக்கமும் நான்கு தடவை எழுதினேன். எடை சரியாகவே இருந்தது. ஐந்து ரூபாய் பையிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் மைக்கதையைச் சொல்ல வேண்டுமே.

பிறகு, நல்ல மழையில் தபால்காரர் வந்தார்.

"திரும்பிடுச்சி அண்ணே," என்று வைத்துவிட்டு நிற்காமல் போனார்.

பிரிக்காத பார்சல். அரக்குகூட உடையவில்லை.

"பாத்தியாடி உம் பொண்ண? தொடக்கூட இல்ல."

"ஒடம்பு முடியலயோ இன்னாவோ," என்றாள் அம்மா.

"வாங்கறதுக்கு இன்னாடி ஒடம்பு?"

ஏணிமேலிருந்து எனக்குத்தான் தெரிந்தது. நீலம் மொத்தமும் கரைந்து, நனைந்த துணிக்குள்ளிருந்து எங்கள் கடை விலாசம் கறுப்பாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தது. தபால்காரர்கள் படிக்க முடிந்த விலாசத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

நைனா அண்ணாந்து பார்த்தார். "இன்னாடா?"

"ஒண்ணுமில்ல நைனா."

டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் தூக்கிப் பரணில் போட்டார். சாயங்காலம் ஒரு கார்டு எழுதினார்: இனி இங்கே எதுவும் எழுதாதே, இங்கிருந்தும் எதையும் எதிர்பார்க்காதே. பால்பாயிண்ட் பேனா. என்னிடம்தான் கொடுத்தார், நான்தான் பெட்டியில் போட்டேன். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

பதினொரு வருஷம் கழித்து, நைனா போன பிறகுதான் அக்கா வந்தாள். காரியம் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி, பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. ஒரு வளையலைப் போட்டுப் பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்குதுடா. அன்னிக்குன்னா பெருசா இருந்திருக்கும்," என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது துணியில் தைத்த கட்டு வருவதில்லை, அரக்கு வாசனை இல்லை, விலாசத்தைக் கையால் எழுதுகிறவர்களும் இல்லை. அந்த மை விற்ற கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். காலையில் வந்த பெட்டியை மட்டும் தூக்கிப்போட மனசு வராமல் உலர வைத்திருக்கிறேன்.

நைனாவுக்கு நான் தர வேண்டிய பாக்கி ஐந்து ரூபாய்.