இராஜசிங்கத்துக்கு விழாத ஐம்பத்திரண்டு வாக்குகள்

வாக்கெடுப்புக்கு இன்னும் மூன்றே நாட்கள் இருந்தன. வீடுகளுக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டுகளைப் பலர் ஏற்கெனவே நிரப்பி ஊர்ப் பெட்டியில் போட்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் மாநிலத்தை ஆளும் ஐவரில் ஒருவராகப் போட்டியிட்ட இராஜசிங்கம் அந்த வியாழக்கிழமை மாலை தன் வீட்டுச் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய உயிர்த்தோழன் மகேஸ்வரன் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

“அம்பத்திரண்டடா! அம்பத்திரண்டு சீட்டிலையும் உன்ரை பேர். நானே வீடு வீடாப் போய் வாங்கி, நானே நிரப்பி, சனத்திட்டைக் கையெழுத்து மட்டும் எடுத்து, நேற்றே பெட்டியிலை போட்டிட்டன்.”

இராஜசிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார்.

எங்கிருந்து எங்கே வந்த மனிதர் அவர்! எண்பத்தொன்பதில், இருபத்தொரு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். முதல் எட்டு மாதமும் சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் மகேஸ்வரனின் ஒற்றைக் கட்டில்தான் அவருக்கு வீடு. தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மகேஸ்வரன் எழுந்து போன சூட்டிலேயே இவர் படுப்பார். உணவகத்தில் கோப்பை கழுவினார். இருபத்தொன்பதாவது வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து குழாய் வேலையும் சூடாக்கி வேலையும் பழகினார். பிறகு இருவரும் சோலோதுர்ன் பக்கம் குடிவந்தார்கள். பனிக்காலத்தில் சூடாக்கி நின்றுபோனால் கூப்பிட்டவுடன் வந்து நின்றவரை ஊர் மறக்கவில்லை. ஊர்ச்சபைக்கு அனுப்பியது, பிறகு மாநில மன்றத்துக்கும் அனுப்பியது. இந்தத் தேர்தலுக்காகச் சந்தையில் அவர் நின்றபோது ஒரு சுவிஸ் பெண்மணி அவரது கையைப் பிடித்துக்கொண்டு, “வாக்கு உங்களுக்குத்தான். ஆனால் நீங்கள் ஆளப் போய்விட்டால் எங்கள் சூடாக்கியை யார் பார்ப்பது?” என்று உண்மையாகவே கவலைப்பட்டாராம்.

மகேஸ்வரனின் புகழ் வேறு வகை. தமிழ் வீடுகளுக்கு எந்தப் படிவம் வந்தாலும், “மகேசண்ணையிட்டைக் குடுங்கோ” என்பார்கள். வதிவிட அனுமதி, காப்புறுதி, வரி எல்லாமே முப்பது ஆண்டுகளாக அவருடைய அழகான எழுத்தில்தான் போயின. வாக்குச்சீட்டும் அவருக்கு இன்னொரு படிவம், அவ்வளவுதான்.

“மகேசு, மற்றவையின்ரை சீட்டை வாங்கி எழுதுறது குற்றமடா.”

“என்ன குற்றம்? கள்ள வோட்டோ போட்டனான்? அவையள் எப்பிடியும் உனக்குத்தான் போடுவினம். பிழையா எழுதிப்போடுவினம் எண்டு பயத்திலை செய்தனான்.”

“எனக்குத் தெரிஞ்சிட்டுது. இனி நான் வாய் மூடிக்கொண்டு அந்தக் கதிரையிலை இருக்கேலாது. நாளைக்குக் கெமைண்டையிலை போய்ச் சொல்லத்தான் வேணும்.”

மகேஸ்வரன் அந்தக் கெமைண்டேயின், அதாவது ஊர் நிர்வாகத்தின், பள்ளிக்கூடத்தில்தான் பராமரிப்பாளர். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. வழக்கு வந்தால் வேலை போய்விடும். இருவருக்கும் அது தெரியும்.

அடுப்பருகே நின்ற இராஜசிங்கத்தின் மனைவி ஞானேஸ்வரிதான் வெடித்தாள். “ஞாயிற்றுக்கிழமை போகட்டுமப்பா! படுக்கக் கட்டில் தந்த மனிசனையோ காட்டிக் குடுக்கப்போறியள்?”

மகேஸ்வரன் வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, உறங்காத கண்களோடு இராஜசிங்கம் கெமைண்டே அலுவலகத்துக்குப் போனார். படியில், அழுத்திய வெள்ளைச் சட்டையோடு மகேஸ்வரன் அவருக்கு முன்பே வந்து நின்றார்.

“நீ வீட்டை போ ராசிங்கம்.”

“மகேசு…”

“நீ சொன்னா அது காட்டிக் குடுக்கிறது. நான் சொன்னா அது பிழையை ஒப்புக்கொள்ளுறது. உன்ரை வாயாலை என்ரை பேர் வர வேண்டாம்.”

“வேலை போயிடுமடா!”

“போகட்டும். இத்தனை வருசமா எத்தினை படிவம் நிரப்பியிருப்பன்? பிழை விட்டது இது ஒண்டிலைதான். நானே திருத்திறன்.”

கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. மாநிலத்தை ஆள வந்த மனிதர் தெருவென்றும் பாராமல் நின்று அழுதார்.

கையெழுத்திட்ட உறைகளை வைத்து அடையாளம் காணப்பட்ட ஐம்பத்திரண்டு சீட்டுகளும் செல்லாதவை ஆயின. ஞாயிற்றுக்கிழமை இராஜசிங்கத்துக்குத் தேவையான பெரும்பான்மைக்கு இருபத்து மூன்று வாக்குகள் குறைந்தன. அதனால் சில வாரங்களில் இரண்டாம் சுற்று நடக்க இருந்தது. செய்தி பத்திரிகையில் வந்தது. மகேஸ்வரனுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வேலைநீக்கக் கடிதமும் வந்தது. அதைக் கேட்டதும் இராஜசிங்கம் இரண்டாம் சுற்றிலிருந்து விலகப் போவதாகத் தொலைபேசியில் சொன்னார்.

“விலகு பாப்பம்! பிறகு நான் என்னத்துக்கடா அந்தப் படியேறினனான்? விசரா!” என்று மகேஸ்வரன் கத்திய கத்தல் இராஜசிங்கத்தின் பக்கத்தில் நின்ற ஞானேஸ்வரிக்கே கேட்டது.

இரண்டாம் சுற்றில் அந்த ஐம்பத்திரண்டு பேரும் தாங்களே எழுதினார்கள். சிலருடைய எழுத்து கோணியது. ஒருவர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். மகேஸ்வரன் யார் வீட்டுப் பக்கமும் போகவில்லை. இராஜசிங்கம் வென்றார்.

வென்ற மறுநாளே, “இனி நீங்கள்தானே அரசாங்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் அடியுங்கோவன்” என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஞானேஸ்வரியும் சொன்னாள். அவர் இரண்டு முறை தொலைபேசியைக் கையில் எடுத்தார். இரண்டு முறையும் கீழே வைத்தார். இரண்டு நாட்கள் அவள் அவரோடு கதைக்கவில்லை.

பதவியேற்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. இராஜசிங்கம் அந்நாட்டு வழக்கப்படி மூன்று விரல்களை உயர்த்திச் சத்தியம் செய்தபோது பார்வையாளர் மாடத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஞானேஸ்வரிக்குப் பக்கத்தில் மகேஸ்வரன் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பள்ளிக்கூட நாளில், காலை ஒன்பது மணிக்கு, அங்கே வந்து உட்கார அவருக்கு இப்போது நேரம் இருந்தது.