கண் கறுக்காத முட்டைகள்

தருவைகுளத்து ஷெர்லிக்கு ஆண்டவர் உண்டாக்கின எதையும் சும்மா கொட்ட மனம் வராது. வண்ணமீன் குஞ்சு பொரிக்கிற கூடத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறாள். செத்த முட்டைகளைக்கூடக் கடல்நீர்க் கிண்ணத்தில் சேர்த்துவைத்து, கோயிலில் மத்தியான மணி அடித்ததும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லித்தான் கழிவு கொட்டுகிற கிருமி மருந்து வாளியில் கொட்டுவாள்.

"ஏளா, மீன் முட்டைக்குப் பூசை வைக்கிறவ இந்தக் கடக்கரையிலேயே நீ ஒருத்திதான்" என்பாள் கூட வேலை பார்க்கும் இசக்கிச்செல்வி.

"நீ செத்தா உனக்கும் வைக்கேன், கவலப்படாத."

அந்த வாரம் ஆராய்ச்சி செய்கிற கிருபாகரன் கோமாளி மீன் முட்டைகளுக்கு ஊசி போட்டிருந்தார். உள்ளே போன மருந்து, கறுப்பு நிறம் கொடுக்கிற மரபணுவைத் தேடிப் பிடித்து அதை மட்டும் வெட்டுமாம். ஊசி பட்டதில் முக்கால்வாசி செத்தது. மீன் முட்டையிடத் தொட்டியில் வைத்த ஓட்டுத் துண்டை, மிச்ச முட்டை ஒட்டியிருந்தபடியே ஷெர்லியிடம் கொடுத்து, "எப்பவும் போல பாத்துக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்பவும் போலத்தான் பார்த்தாள். உயிருள்ள முட்டையில் சில நாளில் இரண்டு கறுப்புக் கண் தெரியும். தெரியாததை எடுத்துவிட வேண்டும். விட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் போகும். அன்று காலை அப்படி எடுத்ததைக் கிண்ணத்தில் போட்டாள். ஆனால் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. செத்த முட்டை வெள்ளையாகக் கலங்கிப்போகும். இவையோ கண்ணாடி மாதிரி இருந்தன. தொட்டி கழுவுவாள், பாதியில் விட்டுவிட்டுக் கிண்ணத்தைப் போய்ப் பார்ப்பாள்.

மணி அடித்தது. ஜெபம் முடிந்தும் கை வாளிப் பக்கம் போகவில்லை.

"கொட்டுளா, சோறு ஆறுது" என்றாள் இசக்கிச்செல்வி.

"மனசு ஒப்பமாட்டேங்கு. அந்தத் தம்பிக்குப் போன் போடு."

மில்லர்புரத்திலிருந்து பைக்கில் வந்த கிருபாகரன் முதலில் ஓட்டுத் துண்டைத்தான் பார்த்தார். எல்லா முட்டையிலும் கறுப்புக் கண். அவர் முகம் வாடிவிட்டது.

"ஒண்ணுலகூட வெட்டு விழல. விழுந்திருந்தா கண்ணு கறுக்காதுக்கா."

ஷெர்லி கிண்ணத்தை நீட்டினாள். அவர் அதை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"சிலதுல நெஞ்சு துடிக்குது" என்றார். "கண்ணு கறுக்காததுதான் நமக்கு வேணும்னு நான்தான் உங்ககிட்ட சொல்லாம போயிட்டேன்."

"கண்ணு கறுக்கலன்னா பார்வை இருக்குமா தம்பி?"

"தெரியாதுக்கா. பொரிச்சாத்தான் தெரியும்."

ஷெர்லி சாப்பிடப் போகவில்லை. காற்றுக் குழாயைக் கிண்ணத்தில் இறக்கி, குமிழ் முட்டையில் இடிக்கிறதோ என்று அதை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.